கசிந்ததா, கசியவிட்டார்களா?

2018 செப்டம்பர் 6, வியாழக்கிழமை அதிகாலை. சென்னையில் ஒரு தமிழ் நாளிதழில் எனக்கு இரவு ஷிப்ட். வெளிநாட்டுச் செய்திப் பக்கம் என் பொறுப்பு. சிட்டி எடிஷன் அச்சுக்குப் போக இருபது நிமிடம்தான் பாக்கி. அந்த நேரத்தில் செய்தி ஏஜென்சியிலிருந்து ஒரு செய்தி வந்து விழுந்தது. நியூயார்க் டைம்ஸ் பெயர் போடாமல் ஒரு கட்டுரையை வெளியிட்டிருக்கிறது. எழுதியவர் டிரம்ப் நிர்வாகத்தின் மூத்த அதிகாரி. அதிபரின் மோசமான போக்குகளையும் திட்டங்களில் சிலவற்றையும் உள்ளே இருந்தபடியே தடுக்க நாங்கள் பலர் பாடுபடுகிறோம் என்கிறார்.

பக்கத்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த ஒரு செய்தியைத் தூக்கிவிட்டு இதை வைத்தேன். அதிபரைப் பதவியிலிருந்து விலக்க வழி சொல்லும் 25-வது அரசியல் சாசனத் திருத்தம் பற்றி ஆரம்ப நாட்களில் அமைச்சரவைக்குள் முணுமுணுப்பு இருந்தது என்று கட்டுரையில் ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு தலைப்புப் போட்டேன்: ‘டிரம்ப்புக்கு எதிராக அமைச்சரவையில் கலகம்’. நாலே சொல். மூன்று பத்தி அகலத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது.

மறுநாள் மாலை நான் வந்து உட்கார்ந்ததுமே போன். பெரம்பூரிலிருந்து ஒரு வாசகர். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் என்று சொன்னார்.

“தம்பி, அந்தக் கட்டுரையை எழுதினவரு அமைச்சர்னு எங்க இருக்கு? மூணு தடவை படிச்சுட்டேன். தலைப்புல இருக்கு, உள்ள காணோமே.”

“சார், அமைச்சரவைக்குள்ள முணுமுணுப்பு இருந்ததா அவரே எழுதியிருக்கார்...”

“முணுமுணுப்பு வேற, கலகம் வேற. அதை எழுதினவரு யாருங்கிறது அதுக்கும் வேற. மூணையும் ஒண்ணா உருட்டிட்டீங்களேப்பா.”

மன்னிப்புக் கேட்டேன். அவர் விடவில்லை. “இன்னொண்ணும் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. தினமும் ‘தகவல் கசிந்தது, தகவல் கசிந்தது’ன்னு எழுதுறீங்க. கசிந்ததுன்னா தன்வினை. பானையில ஓட்டை, தண்ணி தானா கசியுது. இது அப்படியா? எவனோ ஒருத்தன் திறந்து விடுறான். கசியவிட்டான்னு எழுதுங்க. அப்பதான் எவன், எதுக்குன்னு படிக்கிறவன் கேப்பான்.”

அன்று ஷிப்ட் முடியும்வரை அந்தப் பேச்சு மண்டைக்குள்ளேயே சுற்றியது. அதற்கு முந்தைய ஒன்றரை வருடத்தில் வெள்ளை மாளிகையிலிருந்து வெளியே வந்த எத்தனையோ செய்திகளை நான் தமிழில் எழுதியிருந்தேன். அவற்றில் பாதி எங்கள் ஊர் நேரத்துக்கு விடிகாலையில்தான் வரும். வாஷிங்டன் நமக்குக் கோடையில் ஒன்பதரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. அங்கே மாலை ஐந்து, ஆறு மணிக்கு வாஷிங்டன் போஸ்ட்டோ நியூயார்க் டைம்ஸோ குண்டைப் போட்டால், இங்கே விடிகாலை இரண்டரையிலிருந்து நாலரைக்குள். அந்த நேரத்தில் நிதானமாகப் படிக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அந்த வாரம் பழைய ஃபைலை எடுத்து நான் எழுதியதை நானே திரும்பப் படித்தேன். அப்போது கண்ணில் பட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பத்திரிகையில் இல்லாதவர்களுக்கும் இது உதவும். இதே செய்திகள் எல்லார் செல்போனுக்கும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

முதலில் கண்ணை உறுத்தியது ‘வட்டாரங்கள்’. ‘நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவித்தன.’ ‘வெள்ளை மாளிகை வட்டாரங்கள் கூறின.’ பத்துச் செய்திக்கு எட்டில் இந்தச் சொல்தான். மூலத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அங்கே எட்டு விதமாக எழுதியிருந்தார்கள். அமெரிக்கப் பத்திரிகைகளில் பெயர் சொல்லாத ஆளை எப்படி வர்ணிப்பது என்பதே நிருபரும் அந்த ஆளும் பேசி ஒத்துக்கொண்ட ஏற்பாடு. ‘வெள்ளை மாளிகை அதிகாரி’ என்றால் அதிபரின் அலுவலகத்தைச் சேர்ந்தவர். ‘நிர்வாகத்தின் மூத்த அதிகாரி’ என்றால் வளையம் மிகப் பெரிது. வெளியுறவு, நிதி, பாதுகாப்பு என்று எந்தத் துறைக்காரராகவும் இருக்கலாம், அதிபரை நேரில் பார்ப்பதே அபூர்வமாக இருக்கலாம். ‘இந்நாள், முன்னாள் அதிகாரிகள்’ என்று போட்டால் ஒபாமா காலத்தில் இருந்து வெளியேறியவர்களும் அதற்குள் அடக்கம். ‘விவரம் அறிந்தவர்’ கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவராக இருக்கலாம், உட்கார்ந்திருந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவராகவும் இருக்கலாம். ‘அவருடைய மனவோட்டம் அறிந்தவர்’ என்று வந்தால் நான் இப்போதெல்லாம் சம்பந்தப்பட்டவருக்கு ரொம்ப வேண்டப்பட்டவர் என்று எடுத்துக்கொள்கிறேன். சில நேரம் அவரேகூட. இத்தனை வித்தியாசத்தையும் நான் ஒரே சொல்லில் போட்டு அமுக்கியிருந்தேன்.

மைக்கேல் ஃப்ளின் விவகாரத்தில் இது எவ்வளவு பெரிய இழப்பு என்று புரிந்தது. அவர் டிரம்ப்பின் முதல் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர். 2016 டிசம்பர் 29 அன்று ஒபாமா ரஷ்யா மீது தடைகள் அறிவித்த அதே நாளில் அமெரிக்காவுக்கான ரஷ்யத் தூதர் கிஸ்லியாக்குடன் தொலைபேசியில் பேசியிருந்தார். தடைகளைப் பற்றிப் பேசவில்லை என்று துணை அதிபராகப் பதவியேற்கவிருந்த மைக் பென்ஸ் டிவியில் சொன்னார். 2017 பிப்ரவரி 9 அன்று வாஷிங்டன் போஸ்ட், பேசியிருக்கிறார் என்று எழுதியது. எதை வைத்து? இந்நாள், முன்னாள் அதிகாரிகள் ஒன்பது பேர் சொன்னதை வைத்து. ஒன்பது பேர் என்ற எண்ணிக்கைதான் அந்தச் செய்தியின் முதுகெலும்பு. நான் எழுதியது: ‘வட்டாரங்கள் தெரிவித்தன.’ நாலு நாள் கழித்து, பிப்ரவரி 13 இரவு, ஃப்ளின் ராஜினாமா செய்தார். பதவியில் இருந்தது 24 நாள். ஒன்பது பேர் என்று அன்றைக்கே போட்டிருந்தால் எங்கள் வாசகர் அந்தச் செய்தியைப் போகிற போக்கில் புரட்டிவிட்டுப் போயிருக்க மாட்டார்.

இதில் எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். உளவு அமைப்பு வெளிநாட்டுத் தூதரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்கும்போது அதில் சிக்கிய அமெரிக்கக் குடிமகனின் பேச்சு பத்திரிகைக்கு வருவது சாதாரண விஷயம் இல்லை. அது குற்றம். டிரம்ப் கோபப்பட்டதில் அந்த அளவுக்கு நியாயம் இருந்தது. ஆனால் பிப்ரவரி 16 செய்தியாளர் கூட்டத்தில் அவர் கசிவுகள் உண்மை, செய்திகள்தான் பொய் என்று சொன்னபோது, ஒரு விஷயத்தை அவரே ஒப்புக்கொண்டுவிட்டார்: வெளியே போனது அசல் சரக்கு. அதிலிருந்து ஒரு பழக்கம் எனக்கு வந்தது. மறுப்பு வந்தால் எதை மறுக்கிறார்கள் என்று வரிவரியாகப் பார்ப்பேன். ‘இப்படி நடக்கவில்லை’ என்பதும், ‘இதை வெளியே சொன்னது குற்றம்’ என்பதும் ஒன்றல்ல. இரண்டாவது வகை மறுப்பு வந்தால் சம்பவம் பெரும்பாலும் நடந்திருக்கிறது என்றே நினைக்கத் தோன்றும்.

என்னை அதிகம் உலுக்கியது மெக்சிகோ அதிபருடன் நடந்த தொலைபேசிப் பேச்சு. 2017 ஜனவரி 27 அன்று டிரம்ப்பும் என்ரிக் பெனா நியேட்டோவும் பேசினார்கள். பிப்ரவரி 1-ஆம் தேதி ஒரு பகுதி மட்டும் வெளியே வந்தது. உங்கள் நாட்டில் மோசமான ஆட்கள் இருக்கிறார்கள், உங்கள் ராணுவம் பயப்படுகிறது, எங்கள் ராணுவத்தை அனுப்ப வேண்டியிருக்கும் என்ற தொனி. வெள்ளை மாளிகை, அது இலகுவாகப் பேசியது என்றது. மெக்சிகோ அரசும் மிரட்டல் எதுவும் இல்லை என்றது. இரண்டு மறுப்பையும் கடைசிப் பத்தியில் தள்ளிவிட்டு ‘ராணுவத்தை அனுப்புவேன்: மெக்சிகோவுக்கு டிரம்ப் மிரட்டல்’ என்று தலைப்புக் கொடுத்தேன்.

ஆறு மாதம் கழித்து, ஆகஸ்ட் 3 அன்று, வாஷிங்டன் போஸ்ட் அந்த உரையாடலின் முழு எழுத்து வடிவத்தையும் வெளியிட்டது. கிட்டத்தட்ட அதே மாதிரிச் சொற்கள் அதில் இருந்தன. ஆனால் முன்னும் பின்னும் படித்தால் போதைப்பொருள் கும்பல்களை ஒழிக்க உங்களுக்கு உதவி வேண்டியிருக்கலாம், நாங்கள் பெரிய அளவில் உதவத் தயார் என்ற பேச்சுக்கு நடுவில் அவை வருகின்றன. முரட்டுத்தனமான பேச்சுதான். ஆனால் படையெடுப்பு மிரட்டல் என்று அதைச் சொல்ல முடியாது. ஒரு பத்தியை மட்டும் பிய்த்துக் கொடுத்தவர் அதை எதற்காகப் பிய்த்தார் என்று பிப்ரவரியில் நான் கேட்டிருக்க வேண்டும். தாள் முழுசாக வரும்வரை ‘மிரட்டல்’ போன்ற ஒரு சொல்லை என் பெயரில் எழுதியிருக்கக் கூடாது.

அதே நாளில் வெளியான இன்னொரு உரையாடல் நமக்கு நெருக்கமானது. ஆஸ்திரேலியப் பிரதமர் மால்கம் டர்ன்புல்லுடன் ஜனவரி 28-இல் பேசியது. நவ்ரூ, மானுஸ் தீவு முகாம்களில் ஆஸ்திரேலியா அடைத்து வைத்திருந்த அகதிகளில் 1,250 பேர் வரை அமெரிக்கா எடுத்துக்கொள்ள ஒபாமா காலத்தில் ஓர் ஒப்பந்தம். டிரம்ப்புக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. டர்ன்புல் திரும்பத் திரும்ப விளக்குகிறார்: இவர்கள் கெட்டவர்கள் இல்லை, படகில் வந்தார்கள் என்பதற்காகத்தான் நாங்கள் உள்ளே விடவில்லை; நீங்கள் பரிசோதித்துப் பார்த்து யாரையும் எடுக்காவிட்டாலும் ஒப்பந்தப்படி சரிதான். அந்தத் தீவுகளில் இலங்கைத் தமிழர்களும் இருந்தார்கள். வருடக்கணக்கில் முகாமில் கிடந்த ஒருவரின் எதிர்காலத்தை இரண்டு தலைவர்கள் எப்படிப் பேரம் பேசினார்கள் என்பது அந்தத் தாள் வெளியே வராவிட்டால் அவருக்குத் தெரிந்தே இருக்காது. ஒரு நாட்டின் தலைவர் இன்னொரு தலைவருடன் மனம்விட்டுப் பேசும் பேச்சு வெளியே வந்தால் நாளைக்கு யார் போனில் பேசுவார்கள் என்று அன்று பலர் கேட்டார்கள். சரியான கேள்வி. அப்படியிருந்தும் அந்தத் தாளைப் படித்ததற்காக நான் வருத்தப்படவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் எனக்குள் இருக்கின்றன.

நோக்கம் பற்றிப் பெரம்பூர் ஆசிரியர் சொன்னதற்கு ஜேம்ஸ் கோமியைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் தலைவராக இருந்த அவரை 2017 மே 9 அன்று டிரம்ப் நீக்கினார். ஒரு வாரம் கழித்து, மே 16, நியூயார்க் டைம்ஸில் செய்தி: ஃப்ளின் மீதான விசாரணையை விட்டுவிடலாம் என்று நம்புகிறேன் என அதிபர் தன்னிடம் சொன்னதாகக் கோமி அன்றைக்கே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். அந்தச் செய்தியிலேயே நேர்மையாக ஒரு வரி உண்டு. குறிப்பைப் பத்திரிகை நேரில் பார்க்கவில்லை. கோமிக்கு வேண்டிய ஒருவர் அதன் சில பகுதிகளை நிருபருக்குப் படித்துக் காட்டினார். அந்த வரியை நான் இடம் போதவில்லை என்று வெட்டிவிட்டேன். மறுநாளே, 2016 தேர்தலில் ரஷ்யாவின் தலையீட்டை விசாரிக்க ராபர்ட் முல்லர் சிறப்பு விசாரணை அதிகாரியாக நியமிக்கப்பட்டார். ஜூன் 8 அன்று செனட் குழு முன் கோமியே சொன்னார்: நண்பர் ஒருவர் மூலம் நான்தான் கொடுத்தேன், சிறப்பு விசாரணை வரட்டும் என்றுதான் கொடுத்தேன். அவர் நினைத்தது அப்படியே நடந்திருந்தது. 2019 ஆகஸ்டில் நீதித் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் (போலீஸ் ஐ.ஜி. இல்லை, துறைக்குள் நடக்கும் முறைகேடுகளை விசாரிக்கும் அதிகாரி), கோமி எஃப்பிஐயின் விதிகளை மீறினார் என்று அறிக்கை கொடுத்தார்; வழக்குப் போடவில்லை. குறிப்பில் இருந்தது உண்மையா என்பதும், அதை வெளியே கொடுத்த விதம் சரியா என்பதும் தனித்தனியாகத் தீர்க்க வேண்டியவை என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

டெஸ்க்கில் எனக்கு மூத்தவர் ஒருவர் உண்டு. அமெரிக்க அதிபர் நிக்சன் ராஜினாமா செய்தபோது கல்லூரி மாணவர். இந்தச் செய்திகள் வரும்போதெல்லாம் “மார்க் ஃபெல்ட்டை மறந்துடாதே” என்பார். எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் ஆட்கள் திருட்டுத்தனமாகப் புகுந்து, கடைசியில் நிக்சனின் பதவியையே பறித்த வாட்டர்கேட் விவகாரத்தில் வாஷிங்டன் போஸ்ட் நிருபருக்கு வழிகாட்டிய ரகசிய மனிதர் யார் என்பது முப்பது வருடத்துக்கு மேல் தெரியாமல் இருந்தது. 2005-இல், 91 வயதில், நான்தான் அது என்று ஃபெல்ட் ஒப்புக்கொண்டார். அப்போது எஃப்பிஐயில் இரண்டாம் இடத்தில் இருந்தவர் அவர். 1972 மே மாதம் எஃப்பிஐ தலைவர் ஹூவர் இறந்ததும் அந்த நாற்காலி தனக்கு வரும் என்று எதிர்பார்த்தார். நிக்சன் வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து உட்காரவைத்தார். அடுத்த மாதம் வாட்டர்கேட். ஃபெல்ட் பேசியது நாட்டுக்காகவா, நாற்காலி போன ஆத்திரத்திலா? இரண்டும் கலந்து இருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவர் காட்டிய திசை சரியாக இருந்தது. அதை நிருபர்கள் வேறு ஆட்களிடமும் தாள்களிலும் சரிபார்த்தார்கள். கசிவை அடைக்க நிக்சன் வைத்திருந்த குழுவுக்கே ‘பிளம்பர்கள்’ என்று பெயர். வியட்நாம் போர் ஆவணங்களை 1971-இல் வெளியிட்ட டேனியல் எல்ஸ்பெர்க்கின் மனநல மருத்துவர் அலுவலகத்துக்குள் பூட்டை உடைத்துப் புகுந்தது அந்தக் குழுதான். அதிலிருந்தவர்களே அடுத்த வருடம் வாட்டர்கேட் கட்டடம்வரை போனார்கள். அடைக்கப் போன கையால்தான் அரண்மனையே சரிந்தது.

டிரம்ப் நிர்வாகமும் அடைக்கப் பார்த்தது. 2017 ஆகஸ்டில் சட்ட அமைச்சர் ஜெஃப் செஷன்ஸ் கசிவு விசாரணைகளை மூன்று மடங்காக்கிவிட்டதாக அறிவித்தார். 2018 ஜனவரியில் வெள்ளை மாளிகையின் மேற்குப் பகுதி அலுவலகங்களில் சொந்த செல்போன் கூடாது என்று உத்தரவு வந்தது. பெரிய ஆட்கள் யாரும் சிக்கவில்லை. அதற்கு முன்பே சிக்கியிருந்தவர் ரியாலிட்டி வின்னர் என்ற 25 வயதுப் பெண்.

இவர் கதையை நான் இன்னும் மறக்கவில்லை. ஜார்ஜியா மாநிலம் அகஸ்டாவில் தேசியப் பாதுகாப்பு முகமைக்கு ஒப்பந்த ஊழியர். ரஷ்ய ராணுவ உளவுத்துறை அமெரிக்கத் தேர்தலோடு தொடர்புடைய மென்பொருள் நிறுவனத்தைக் குறிவைத்தது பற்றிய ரகசிய அறிக்கை ஒன்றை 2017 மே மாதம் அலுவலக பிரிண்டரில் அச்செடுத்தார். மடித்து, உடைக்குள் மறைத்து வெளியே கொண்டுவந்து ஒரு செய்தித் தளத்துக்குத் தபாலில் அனுப்பினார். ஆவணம் அசல்தானா என்று சரிபார்க்கப் போன இடத்தில் அந்தப் பிரதியே அரசின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. தாளில் மடிப்பு ரேகை தெரிந்தது. மடிப்பு இருந்தால் யாரோ அச்செடுத்துக் கையில் கொண்டுபோயிருக்கிறார்கள். அச்செடுத்தவர்கள் யார் என்று கணினிப் பதிவைப் பார்த்தார்கள்: ஆறு பேர். அந்த ஆறு பேரில் அந்தச் செய்தித் தளத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தவர் ஒரே ஒருவர். ஜூன் 3 அன்று கைது. செய்தி வெளியானது ஜூன் 5. அதாவது நாங்கள் இங்கே படித்துத் தலைப்புப் போட்டபோது அவர் ஏற்கெனவே சிறையில் இருந்தார். தண்டனை 63 மாதம்.

வெளியான பிரதியில் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளும் இருந்ததாக வல்லுநர்கள் கண்டுபிடித்தார்கள். பல கலர் லேசர் பிரிண்டர்கள் ஒவ்வொரு தாளிலும் அந்தப் புள்ளிகளைப் போடுகின்றன; எந்த பிரிண்டர், எந்தத் தேதி, எத்தனை மணி என்று அதிலிருந்து படிக்கலாம். நான் நம்பவில்லை. எங்கள் ஆபீஸ் கலர் பிரிண்டரில் ஒரு பக்கத்தை எடுத்து, லைப்ரரியிலிருந்து பூதக்கண்ணாடி வாங்கி, விளக்கை அணைத்துவிட்டு நீலநிற டார்ச் அடித்துப் பார்த்தேன். வெறும் வெள்ளையாகத் தெரிந்த ஓரத்தில், கொசு முட்டை மாதிரி, வரிசை வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். நீல வெளிச்சத்தில் மஞ்சள் கறுப்பாகத்தான் தெரியும். அதைப் பார்த்தபடியே ரொம்ப நேரம் நின்றேன். எனக்குத் தகவல் கொடுத்த உள்ளூர் ஆட்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். அன்றிலிருந்து யார் எந்தத் தாளைக் கொடுத்தாலும் அதன் படத்தை நான் வெளியே காட்டுவதில்லை. சரிபார்க்க வேண்டுமென்றால் அதிலிருப்பதைத் தனியாகத் தட்டச்சு செய்து, அதிலிருந்துதான் கேள்வி கேட்பேன். படிக்கிறவர்களுக்கும் இது பொருந்தும். வாட்ஸ்அப்பில் ஒருவர் நம்பி அனுப்பிய கடிதத்தைப் புகைப்படமாகவே பத்துப் பேருக்குத் தள்ளிவிடுகிறோம். அதில் மாட்டிக்கொள்ளப் போவது தள்ளிவிட்ட நாம் இல்லை.

உள்ளேயே இருந்து எதிர்த்தவர்கள் பக்கம் வருகிறேன். அந்தப் பெயரில்லாக் கட்டுரை வந்த அதே வாரத்தில் இன்னொரு தகவலும் வந்தது. தென்கொரியாவுடனான வர்த்தக ஒப்பந்தத்திலிருந்து விலகும் கடிதத்தை அதிபர் கையெழுத்துப் போடாதபடி அவர் மேசையிலிருந்தே பொருளாதார ஆலோசகர் கேரி கோன் எடுத்து வைத்துக்கொண்டாராம். முதலில் படித்தபோது சபாஷ் என்றுதான் தோன்றியது. யோசிக்க யோசிக்கச் சங்கடமாக இருந்தது. கோடிக்கணக்கான மக்கள் ஓட்டுப்போட்டு உட்காரவைத்த ஒருவரின் மேசையிலிருந்து, யாரும் ஓட்டுப்போடாத ஒருவர் தாளை எடுக்கலாமா? இன்றைக்கு நமக்குப் பிடிக்காத முடிவை ஒருவர் ஒளித்து வைத்தால் கைதட்டுகிறோம். நாளைக்கு நமக்குப் பிடித்ததை ஒளித்து வைத்தால்?

வெள்ளை மாளிகை வழக்கறிஞர் டான் மெக்கான் செய்தது வேறு. முல்லரை நீக்க ஏற்பாடு செய் என்று 2017 ஜூனில் டிரம்ப் சொன்னபோது செய்ய மறுத்தார். ராஜினாமா செய்யவும் தயாரானார். 2018 ஜனவரியில் இது வெளியே வந்தபோது பொய்ச் செய்தி என்றார் டிரம்ப். 2019 ஏப்ரலில் முல்லர் அறிக்கையில் மெக்கானின் வாக்குமூலமாகவே அது பதிவானது. பாதுகாப்பு அமைச்சர் ஜிம் மேட்டிஸ் செய்தது இன்னும் வெளிப்படை. சிரியாவிலிருந்து படையை விலக்கும் முடிவு வந்ததும், 2018 டிசம்பர் 20 அன்று, உங்கள் கருத்தோடு ஒத்துப்போகும் அமைச்சர் உங்களுக்கு வேண்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்துவிட்டு விலகினார். அந்தக் கடிதத்தை மொழிபெயர்த்தபோது எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. யார் சொல்கிறார், எதற்குச் சொல்கிறார், என்ன விலை கொடுக்கிறார் என்று எல்லாம் ஒரே தாளில் இருந்தது.

பிறகு 2019. ஜூலை 25 அன்று டிரம்ப் உக்ரைன் அதிபர் ஸெலென்ஸ்கியுடன் தொலைபேசியில் பேசினார்; தன் அரசியல் போட்டியாளர் ஜோ பைடன் பற்றி விசாரிக்கும்படி கேட்டார். ஆகஸ்ட் 12 தேதியிட்டு, உளவு அமைப்புகளின் இன்ஸ்பெக்டர் ஜெனரலிடம் ஒருவர் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தார். பத்திரிகைக்கு எழுதவில்லை; சட்டம் காட்டிய வாசல் வழியாகப் போனார். செப்டம்பர் 26 அன்று அந்தப் புகார் பொதுவெளிக்கு வந்தது. இரவு முழுக்க உட்கார்ந்து படித்தேன். பெரும்பாலான சம்பவங்களை நான் நேரில் பார்க்கவில்லை என்று ஆரம்பத்திலேயே சொல்கிறார். எதை யார் சொல்லக் கேட்டார், எதைப் பொதுவெளியில் வந்த செய்தியிலிருந்து எடுத்தார் என்று பிரித்துப் பிரித்து எழுதுகிறார். முந்தைய நாள் வெள்ளை மாளிகையே வெளியிட்ட உரையாடல் குறிப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முக்கியமான இடங்கள் பொருந்தின. புகாரை எப்படி எழுதுவது என்று எங்கள் ஊரில் யாராவது கேட்டால் இதைத்தான் காட்டுவேன்: தெரிந்ததைத் தெரிந்தது என்றும், கேட்டதைக் கேட்டது என்றும் எழுதியிருக்கிறார்.

அந்த டிசம்பர் 18-இல் பிரதிநிதிகள் சபை பதவிநீக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியது. 2020 பிப்ரவரி 5-இல் செனட் விடுவித்தது. புகாரை நம்பத்தகுந்தது என்று மேலே அனுப்பிய இன்ஸ்பெக்டர் ஜெனரல் மைக்கேல் அட்கின்சனை ஏப்ரலில் டிரம்ப் நீக்கினார். புகார் கொடுத்தவர் பெயர் என்று ஒன்று சமூக ஊடகங்களில் சுற்றியது. போடலாமே, எல்லாரும் போடுகிறார்களே என்று டெஸ்க்கில் பேச்சு வந்தது. போடவில்லை. அவர் சொன்னதைச் சரிபார்க்கத் தாள்கள் இருந்தன, சத்தியம் செய்து சாட்சி சொன்னவர்கள் இருந்தார்கள். அவர் முகம் யாருக்கும் தேவைப்படவில்லை.

2020 அக்டோபர் 28. பெயரில்லாக் கட்டுரையை எழுதியது நான்தான் என்று மைல்ஸ் டெய்லர் வெளியே வந்தார். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அமைச்சராக இருந்த கிர்ஸ்ட்ஜென் நீல்சனின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். பிறகு அந்த அமைச்சர் அலுவலகத்தின் ஊழியர்களுக்குத் தலைவராக (சீஃப் ஆஃப் ஸ்டாஃப்) உயர்ந்து, 2019-இல் விலகியவர். 2018-இல் துணை அதிபரிலிருந்து வெளியுறவு அமைச்சர்வரை ஒவ்வொருவராக ‘நான் இல்லை’ என்று அறிக்கை விட்டதும், கட்டுரையில் வந்த ஒரு சொல்லை வைத்துப் பென்ஸாக இருக்குமோ என்று உலகமே ஆராய்ந்ததும் நினைவுக்கு வந்தன. நாங்கள் வீட்டிலிருந்து வேலை பார்த்த காலம் அது. பெரம்பூர் ஆசிரியரின் எண்ணை வைத்திருந்தேன். போன் போட்டேன்.

“சார், அந்த ஆள் யாருன்னு தெரிஞ்சிடுச்சு.”

“அமைச்சரா?”

“இல்ல சார். ஒரு அமைச்சரோட ஆபீஸ்ல வேலை பார்த்தவர்.”

“நடுவுல யாரும் அவரைக் கேக்கலையா?”

“ஆகஸ்ட் மாசம் டிவியில கேட்டிருக்காங்க. நான் இல்லைன்னு சொல்லியிருக்கார்.”

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. “அப்ப 2018-லயே பேரு போட்டிருந்தா அந்தக் கட்டுரைக்கு எவ்வளவு எடை குடுத்திருப்போம்னு யோசிச்சுப் பாருங்க தம்பி,” என்றார்.

யோசித்தேன். எழுதியவர் யார் என்று தெரியாததால் கற்பனையில் நாங்கள் அவருக்குப் பெரிய நாற்காலி போட்டுவிட்டோம். மூத்த அதிகாரி என்று பத்திரிகை சொன்னது பொய் இல்லை. ஆனால் அந்த நாற்காலியை அமைச்சரவை வரைக்கும் இழுத்துப் போட்டது என் தலைப்பு. அவர் எழுதியதில் பல விஷயங்கள் பிறகு வேறு வழியில் உறுதியாயின. ஆனால் உள்ளே எதிர்ப்பாளர் கூட்டம் இருக்கிறது என்று அதிபருக்கே அறிவித்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தது, கூட இருந்து நேர்மையாக வேலை பார்த்தவர்கள் எல்லார் மீதும் சந்தேகத்தைத் திருப்பிவிட்டது. அதை இன்னும் என்னால் ஏற்க முடியவில்லை. மேட்டிஸ் மாதிரி கையெழுத்துப் போட்டிருக்கலாம். புகார் கொடுத்தவர் மாதிரி வாசலைத் தேடியிருக்கலாம்.

2025 ஏப்ரல் 10, விடிகாலை. டிரம்ப் இரண்டாம் முறை அதிபர். மைல்ஸ் டெய்லரை விசாரிக்கும்படி உத்தரவில் கையெழுத்துப் போட்டிருந்தார். பயிற்சிக்கு வந்து நாலு மாதம் ஆன பெண் ஒருவர் செய்தியை எழுதி எனக்கு அனுப்பினார். தலைப்பு: ‘டிரம்ப்பை எதிர்த்த முன்னாள் அமைச்சர் மீது விசாரணை’.

கூப்பிட்டேன். “அமைச்சர்னு எங்கம்மா இருக்கு?”

திரையில் மேலும் கீழும் தேடினார். “இல்ல சார். முன்னாள் அதிகாரின்னுதான் இருக்கு. அமைச்சர்னா கொஞ்சம்...”

“அதிகாரின்னே போடு. என்ன விசாரணை, யார் உத்தரவுன்னும் போடணும்.”

பக்கம் போக எட்டு நிமிடம். ‘பெயர் மறைத்து விமர்சித்த முன்னாள் அதிகாரியை விசாரிக்க டிரம்ப் உத்தரவு’ என்று அடித்தார். ஒரு வரிக்கு நீளம். எழுத்தின் அளவை இரண்டு பாயிண்ட் குறைத்தோம்.